கொட்டத்துக் கொசுவும் டிரம்முக் கொசுவும்

கொசுவை அடிக்க யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அதைக் கால் ஒடியாமல், சிறகு கசங்காமல், உயிரோடு பிடிக்கத்தான் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் நான். பெயர் பாண்டி, பொண்ணுதான்.

பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்திவிட்டேன். குடும்பக் கஷ்டம் என்று சொன்னால் எல்லாரும் 'பாவம்' என்பார்கள். ஆனால் அது பொய். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். நின்று நின்று அதுவும் அலுத்தது. பதினெட்டு வயது முடிந்ததும், கொசு ஒழிப்புக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இதில் உட்காரவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். நடந்துகொண்டே இருக்கலாம்.

வேலை இரண்டு வகை. விடிகிற நேரத்தில் வீட்டுச் சுவரிலும் மாட்டுக் கொட்டத்திலும் உட்கார்ந்திருக்கிற கொசுக்களைக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். எங்கே என்ன இனம் இருக்கிறது என்று எங்கள் அதிகாரி பார்த்துச் சொல்வார். அவருடைய பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் அவர் 'பூச்சி சார்'. பகலில் நானும் ஜெயா அக்காவும் வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி, உடைந்த உரல் என்று தண்ணீர் நிற்கிற எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்து, புழு நெளிகிறதா என்று தேட வேண்டும். ஜெயா அக்கா இந்த வேலைக்குப் பழசு. யார் திட்டினாலும் சிரிப்பார். எனக்கு அது வராது. திட்டினால் திருப்பித் திட்டிவிடுவேன்.

நீங்களும் கொசுக்கடி பட்டவர்கள்தானே, உங்களிடம் மறைப்பானேன். ஊரைக் காப்பாற்றுகிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. என் அக்கா முத்துமாரி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் டெங்குக் காய்ச்சல். "மாசமா இருக்கிறவங்களுக்கு அது வந்தா ரெண்டு உயிரும் பாடுபடும்மா" என்று பூச்சி சார் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. திருச்சுழிக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் எங்கள் ஊர். அந்த ஊரில் கொசு யாரைக் கடித்தாலும் கடிக்கட்டும், அக்காவைக் கடிக்கக் கூடாது. என் வேலையே அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

சுவருக்கு முத்தம்

உறிஞ்சு குழாய் ஒன்றும் பெரிய சாமான் இல்லை. ஒரு பக்கம் கண்ணாடிக் குழாய், மறுபக்கம் ரப்பர் டியூப், நடுவில் ஒரு துண்டு வலை. ரப்பரை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கொசுவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் 'சுர்' என்று ஓர் இழுப்பு. மெதுவாக இழுத்தால் பறந்துவிடும். வேகமாக இழுத்தால் வலையில் மோதிக் கூழாகிவிடும். "நடுவுல வலை இருக்கு, வாய்க்குள்ள வராது" என்று பூச்சி சார் சத்தியமே செய்தார். அப்படியும் முதல் வாரம் முழுக்க நான் துப்பிக்கொண்டேதான் திரிந்தேன்.

முதல் நாள் போனது ஒரு எருமைக் கொட்டம். கொட்டத்துக் கொசுவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். வீட்டுச் சாக்கடைக் கொசு சுவரில் ஒட்டினாற்போலப் படுத்திருக்கும். இது அப்படி இல்லை. தலையைக் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முட்டிபோட வைத்த பையன் மாதிரி நிற்கும். மாட்டைக் கடித்துவிட்டு, வயிறு சிவக்கச் சிவக்க, அசையாமல் நிற்கும். நான் டார்ச்சை அடித்துக்கொண்டு சுவர் ஓரமாக மூக்கை வைத்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் பால் செம்போடு அந்த வீட்டு அம்மா வந்து எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது. "ஏத்தா, பால் பீச்சுற நேரத்துல வந்து எங்க கொட்டத்துச் செவத்துக்கு முத்தம் குடுத்துக்கிட்டு இருக்கியே, நீ யாரு வீட்டுப் புள்ள, ஒங்க வீட்டுல செவரு இல்லையா?"

ஆடு உள்ளே, ஆள் வெளியே

வீட்டில் பிடித்த கொசு ஒரு டப்பா, கொட்டத்தில் பிடித்த கொசு இன்னொரு டப்பா. இரண்டையும் கலந்துவிட்டால் பூச்சி சாருக்குக் கோபம் வந்துவிடும். மனிதனைத் தேடி வருகிற இனம் எது, மாட்டைத் தேடி வருகிற இனம் எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. பாலவனத்தம் பக்கம் ஒரு காட்டு வீட்டுக்குப் போகிற வரைக்கும் எனக்கும் எளிதாகத்தான் இருந்தது.

வீடு ஒரே அறை. டப்பாவில் 'வீடு' என்று சீட்டு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். உள்ளே வெள்ளாடுகளும் குட்டிகளும். ஒன்று கட்டில்மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. சரி என்று சீட்டை மாற்றிக்கொண்டு கொட்டத்துக்குப் போனால், அங்கே ரெண்டு பசுவுக்கு நடுவில் கயிற்றுக் கட்டில், கொசுவலை, டேபிள் ஃபேன், தலைமாட்டில் செல்போன் சார்ஜர். அந்த வீட்டுப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து பீடியைத் தேடிக்கொண்டிருந்தார். "ஐயா, இதில எது வீடு, எது கொட்டம்?" என்று கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. பீடியைப் பற்றவைத்துவிட்டுச் சொன்னார்: "களவாணிப் பயலுகளுக்குப் பயந்து ஆட்ட உள்ள போட்டுப் பூட்டிட்டேன். மாட்டுக்குக் காவலா நான் வெளிய படுக்கேன். பொண்டாட்டி மக வீட்டுக்குப் போயிட்டா. இதுல எது மனுசன் வீடுன்னு நீயே முடிவு பண்ணிக்க தாயி, ஆனா அந்தக் கட்டில்ல படுத்திருக்குல்ல, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னது

கொட்டத்துக் கொசு மாட்டோடு போய்விடும். எனக்குப் பயம் டிரம்முக் கொசுதான். கறுப்பு உடம்பில் வெள்ளை வரி, காலில் வெள்ளை வளையம். பகலில் கடிக்கும். சாக்கடைத் தண்ணீர் அதற்கு ஆகாது, நாம் குடிக்கிற நல்ல தண்ணீர்தான் வேண்டும். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்த அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி ஓடி ஓடிப் பிடித்து, வீட்டில் இருக்கிற டிரம், தொட்டி, அண்டா, குக்கர் வரைக்கும் நிரப்பிவிடுவார்கள். பிறகு அடுத்த தண்ணீர் வருகிறவரை அடிமட்டம் தெரிய விடமாட்டார்கள். கொசுவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

எங்கள் எதிர்வீடு பஞ்சவர்ணம் மதினி வீடு. ஒன்றுவிட்ட அண்ணனுடைய மனைவி. அங்கிருந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கால் கொசுவுக்கு எட்டுகிற தூரம். அவர்களுடைய நீல டிரம்மில் டார்ச் அடித்தேன். புழுக்கள் தலைகீழாகத் தொங்கி ஆட்டம் போட்டன.

"மதினி, இதக் கொட்டணும்."

"எத?"

"தண்ணிய."

மதினி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்கள். "மேலுக்கு முடியலையாடி ஒனக்கு?"

தண்ணீரைக் கொட்டு என்பதை எங்கள் ஊரில் புத்தி சரியாக இருக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். மருந்து ஊற்றுகிறேன் என்றேன், நாற்றம் அடிக்கும் என்றார்கள். அக்காவைக் காட்டினேன், அவளை உள்ளே படுக்கச் சொல் என்றார்கள். புழுவைக் கையில் எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்து மதினிக்குப் பாசமே வந்துவிட்டது. "அது பாட்டுக்குக் கெடக்கு. நான் செம்ப விட்டா வெவரமா அடியில போயி ஒதுங்கிக்கிருது. இந்த வீட்டு ஆம்பளகூட எனக்கு இப்படி ஒதுங்கி வழிவிட்டதில்ல."

என் மாடு சைவம்

பேசிப் பயன் இல்லை என்று தெரிந்ததும் குறுக்குவழி தேடினேன். பாழுங்கிணறுகளில் விடுவதற்கு ஒருவகைச் சின்ன மீன் கொடுப்பார்கள். கொசுப்புழுவைத் தேடித் தேடித் தின்னும். கிணற்றில் மட்டும்தான் விட வேண்டும் என்று பூச்சி சார் சொல்லியிருந்தார். எனக்கு அதையெல்லாம் நினைத்துப் பார்க்க நேரம் இல்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ராமு சின்னையா வீடு, அவர் வீட்டு மாட்டுத் தொட்டியில் எந்நேரமும் புழு. கொஞ்சம் மீனை வாளியில் மிச்சம் பிடித்துக்கொண்டு வந்து, அவர் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டியில் விட்டுவிட்டேன். மறுநாள் தொட்டியில் புழு ஒன்றுகூட இல்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைக்கும் தாங்கியது. மாடு தொட்டிக்குள் முகத்தை விட்டதும் மீன் துள்ளி அதன் மூக்கில் இடித்திருக்கிறது. மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தாடையைப் பிடித்து அழுத்தினாலும் அந்தத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. சின்னையா எங்கள் வாசலில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத் தலைக்கறி இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனுஷன். "மீன நான் திம்பேன், என் பொண்டாட்டி திம்பா, நீயும் திம்பே. ஆனா பாண்டி, என் மாடு சைவம். அத ஏமாத்தி மீன் கொழம்பு குடுக்கப் பாத்தியே, நீ உருப்படுவியா?"

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் சுமந்து ஊற்றியது நான்தான். எப்படியோ தொட்டி காலியானது அல்லவா, எனக்கு அது போதும்.

வீடியோ காலில் ஒரு விசாரணை

ஒரு வாரம் எங்களை வீரசோழன் பக்கம் அனுப்பினார்கள். எனக்குப் போகவே மனசில்லை. நான் இல்லாத நேரம் பார்த்துக் கொசு அக்காவிடம் போய்விடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. காலையில் கிளம்பும்போது அவளுக்கு வேப்பெண்ணெய் தடவிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். "நான் என்னா வண்டி மாடாடி?" என்று கத்தினாள். கத்தட்டும்.

அங்கே ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் சவூதியில். அவர் மனைவி நூர் அக்கா எங்களுக்கு முதலில் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் ஏணியைக் காட்டினார்கள். மாடித் தொட்டியின் மூடி உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தால், நீர்மட்டத்தில் குச்சி மிதக்கிற மாதிரி மட்டமாகப் படுத்துக்கிடக்கிற புழுக்கள். அது மலேரியாக் கொசுவின் புழு, கிணறும் மாடித் தொட்டியும் கண்டால் விடாது. அந்த நேரம் பார்த்துச் சவூதியிலிருந்து வீடியோ கால். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "போனத் தொட்டிக்குள்ள காட்டு தங்கச்சி" என்றார். காட்டினேன். "கிட்டக் காட்டும்மா. அது ஏன் படுத்தே கெடக்கு? மத்தது தொங்குமாமே? என்ன திங்கும்? எத்தன நாள்ல பறக்கும்?" என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், "இங்க ஒரு கொசுகூடப் பாக்க முடியாது. ஊருக் கொசு, பாத்ததே சந்தோசமா இருக்கு" என்றார்.

நான் ஏணியில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நூர் அக்கா ஜெயா அக்காவைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது: "நாலு நாளா தலவலின்னு சொல்றேன், 'ம்'முங்கிறதோட சரி. புழுவுக்கு என்னா வெசாரணை வெக்கிறாக பாருங்க."

புகை கேட்டவர்கள்

ஊருக்குத் திரும்பியதும் பஸ் ஸ்டாப் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். "எங்க, பொகை அடிக்கிற வண்டி? ஒங்க ஆபீஸ்ல டீசல் இல்லையா?" எங்கே போனாலும் இதே கேள்விதான். புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், டிரம்முக்குள் இருக்கிற புழு புகை போனதும் சாவகாசமாக வளர்ந்து வரும், அதனால் முதலில் டிரம்மைக் கழுவுங்கள் என்று நானும் தொண்டை வறளச் சொன்னேன். கழுவும்போது உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும், முட்டை தண்ணீரில் இல்லை, சுவரில் ஒட்டியிருக்கிறது, காய்ந்தாலும் சாகாது என்றும் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் வடையைத் தின்றுகொண்டே கேட்டார்கள். முடிந்ததும் மறுபடி, "அதெல்லாம் இருக்கட்டும், பொகை எப்ப?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "புழு வளக்குறதுக்கு மட்டும் நீங்க, கொல்றதுக்கு கவர்மெண்டா?" என்று கேட்டுவிட்டேன். ஜெயா அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். டீக்கடைக்காரர் கோபப்படவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அப்படி இல்ல புள்ள. பொகை வந்தா கவர்மெண்டே நேர்ல வந்த மாதிரி இருக்கு. நீ வந்தா நாத்தனா வந்து பாத்திரம் சரியா கழுவலன்னு கொறை சொல்ற மாதிரி இருக்கு."

வாயிலும் டார்ச்

அன்று மத்தியானம் அக்கா வாசலில் உட்கார்ந்து கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கணுக்காலைச் சுற்றி ஒன்று பறந்தது. குழாயை எடுத்து ஒரே இழுப்பு. கண்ணாடிக்குள் பார்த்தேன். வெள்ளை வரி, காலில் வளையம். இன்னொன்றும் பிடித்தேன், அதுவும் அதே. இந்தக் கொசு ரொம்பத் தூரம் பறக்காது. அப்படியென்றால் இது பிறந்த தண்ணீர் இங்கேயே, பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் வீட்டு முன்பக்கத்து டிரம்மை நானே தேய்த்துக் கழுவுகிறேன். சின்னையா தொட்டி சுத்தம். மிச்சம் யார்? எதிர்வீடுதான்.

நேரே போனேன். சோறு தின்றுகொண்டிருந்த மதினியைத் தாண்டிக்கொண்டு போய் நீல டிரம், அண்டா, குடம், ஆட்டுக்கல் குழி வரை டார்ச் அடித்தேன். கலக்கிப் பார்த்தேன். ஒரு புழு இல்லை. எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார்கள். அப்படியும் விடாமல், "வேற எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?" என்று கேட்டேன். மதினி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து வாயை அகலமாகத் திறந்தார்கள். "வாடி, இதுக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுப் போ. ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கேன்."

அம்மாவைப் பார்த்தது யார்?

மூன்றாம் நாள் காலையில் அக்காவுக்கு உடம்பு சுட்டது.

இதில் விளையாட்டாக எழுத ஒன்றும் இல்லை. அம்மா ஒரு பையில் துணியைத் திணித்தாள். சின்னையா ஆட்டோ கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நானும் ஏறப் போனேன். "நீ வந்து அங்க டாக்டர்கிட்டச் சண்டை போடவா? வீட்டப் பாத்துக்க" என்று அம்மா என்னை இறக்கிவிட்டாள். அக்கா ஆட்டோவில் இருந்து என்னைப் பார்த்தாள். வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். எப்போதும் என்னைத் திட்டுகிறவள் திட்டாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜெயா அக்கா வந்தபோது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வரவில்லை என்றேன். "ஊர் பூராம் தேடியாச்சு, எல்லா வீட்டையும் பாத்தாச்சு, எங்க வீட்டையும் நானே பாத்துட்டேன். எங்க இருந்துதான் வருது?" என்று கத்தினேன். ஜெயா அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். "வீட்ட நீ பாத்தே, சரி. ஒங்க அம்மாவ யாரு பாத்தா?"

சேலை கட்டிய டிரம்

கொல்லையில் குளிக்கிற தட்டி மறைப்பு. அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கருவேல விறகு அடுக்கி வைத்திருந்தாள் அம்மா. கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டில் இவ்வளவு விறகு எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஜெயா அக்கா யோசித்தார். விறகை விலக்கினால் பின்னால் வரிசையாக டிரம்கள். ஒவ்வொன்றின் வாயிலும் பழைய நூல் சேலை இழுத்துக் கட்டியிருந்தது. மூடி இல்லாத டிரம்முக்குத் துணி கட்டுங்கள் என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான். அம்மாவும் கட்டியிருக்கிறாள். ஆனால் சேலை நாள்பட நாள்படத் தொய்ந்து தண்ணீரில் முங்கி, நடுவில் குளம் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குளத்தில்தான் கொசு முட்டையிட்டுப் புழு நெளிந்தது. பிள்ளைக்குத் தூளி கட்டுகிற மாதிரி கொசுவுக்குக் கட்டிவைத்திருந்தாள். ஒரு டிரம்மில் கட்டே அவிழ்ந்து, அடித்தண்ணீரும் கறுத்துக் கிடந்தது.

சத்தம் கேட்டுப் பஞ்சவர்ணம் மதினி சின்னையா வீட்டுக் கொல்லைக்குள் வந்து சுவருக்கு மேலே தலையை நீட்டினார்கள். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. இப்போது பேசினார்கள். புள்ள பெறுகிற வீட்டில் துணி அலசவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் தண்ணீர் இல்லாமல் போய்விடக் கூடாது என்று, நான் வேலைக்குப் போனதும் அம்மா குடம் குடமாகச் சுமந்து நிரப்பியிருக்கிறாள். ஒரே ஒரு டிரம்தான், எனக்குத் தெரிந்தால் கவிழ்த்துவிடுவேன் என்று சொல்லி அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "தெருவுக்கே தெரியும்டி. ஒனக்கும் கொசுவுக்கும் மட்டுந்தான் சொல்லல. கொசு எப்படியோ கண்டுபிடிச்சிருச்சு."

வேட்டி வடிகட்டி

முதல் டிரம்மைப் பிடித்துச் சாய்க்கப் போனேன். மதினி சுவர் ஏறிக் குதித்து வந்து என் கையைப் பிடித்தார்கள். "அடி கூறுகெட்டவளே, தண்ணி என்னடி பாவம் செஞ்சுச்சு? நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வாரவளுக்குக் கால் கழுவத் தண்ணி வேணாமா?" அடுத்து குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் கொட்டு என்று மட்டும்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். மதினி வீட்டுக்குப் போய் அண்ணனுடைய வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டுகிற நல்ல வேட்டி. நாலாக மடித்து அண்டாவின் வாயில் போட்டு, டிரம்முத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். தண்ணீர் கீழே போனது, புழு மேலே தங்கியது. சின்னையா வீட்டிலிருந்தும் ஒரு வேட்டி வந்தது. அப்புறம் தெருவே வந்தது. ஒருவர் மொள்ள, ஒருவர் பிடிக்க, நானும் ஜெயா அக்காவும் காலியான டிரம்முக்குள் பாதி உடம்பை விட்டுத் தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தோம். வேட்டியில் சேர்ந்த புழுவை உதறினால் கோழிகள் அடித்துக்கொண்டு தின்றன.

ஆனால் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு என்ன ஆயிற்று என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அம்மாவின் போனுக்கு அடித்தால் மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது, விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வெயில் சாயும்போது ஆட்டோச் சத்தம் கேட்டது. எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு நின்றோம். நான் டிரம்முக்குள் இருந்து தலையை எடுத்தேன். அம்மா முதலில் கொல்லைக்கு வந்தாள். எங்களைப் பார்த்தாள். விலக்கிய விறகைப் பார்த்தாள். வரிசையாக நிற்கிற தன் டிரம்களைப் பார்த்தாள். "ஏண்டி பாண்டி, கொசு இருந்தா இருந்துட்டுப் போகுது! இம்புட்டுத் தண்ணி வச்சிருக்கேன்னு ஊருக்கே காட்டிப்புட்டியேடி பாவி! இனி ஆளுக்கொரு கொடம் கேட்டு வருவாளுகளே, நான் எங்க போவேன்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை, முழித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குப் பின்னால் அக்கா மெதுவாக நடந்து வருவதை நான் பார்ப்பதற்கு முன்பே பஞ்சவர்ணம் மதினிக்குப் புரிந்துவிட்டது. "அத்தை தண்ணிக்குச் சண்டை போட ஆரம்பிச்சிட்டாகன்னா மகளுக்கு டெங்கும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, வெறும் சளிக் காய்ச்சல்தான். நிக்காத, வேட்டியப் பிழிடி."

இந்த வேலைக்கு வந்த பிறகு கொசுமேல் எனக்கிருந்த கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது, குறைந்த பாதி இப்போது டிரம் வைத்திருப்பவர்கள்மேல் இருக்கிறது, அந்த வரிசையில் முதல் ஆளான அம்மாவுக்குத்தான் தினமும் நானே குடம் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.